சம்பளம் கேளாத தோட்டக்காரன்

வௌவாலிடம் நம் நாட்டாருக்கு மதிப்பு இருந்ததில்லை. பாழ்மண்டபம், பேய், துர்ச்சகுனம் என்ற பேச்சுகளோடேதான் அதன் பெயர் அடிபடுகிறது. இந்த அபிப்பிராயத்துக்குச் சர்க்காரும் முத்திரை குத்தியது. 1972-ஆம் வருஷத்து வனஜீவிப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காகம் இவற்றோடு சேர்த்து, எவரும் கொல்லத்தக்க நாசப்பிராணி என்று எழுதி வைத்தது. 1948-இல் மதுரை ஜில்லா மேகமலையில் பிடிபட்டு, சாதாரண வௌவால் என்றே எண்ணப்பட்டுக் கிடந்து, 1972-இல் புதிய இனமென்று தெரியவந்து ஸாலிம் அலியின் பெயரைப் பெற்ற அபூர்வ வௌவாலுக்கு மட்டும் பின்னர் விலக்குக் கிடைத்தது.

தோப்புப் பழங்களைத் தின்கிறது என்பதே குற்றச்சாட்டு. தின்பது மெய்தான், மாவும் கொய்யாவும் வைத்தவனுக்கு நஷ்டம் உண்டு. ஆனால் ஆல், அரசு, அத்தி, நாவல், வேம்பு, நெட்டிலிங்கம் என்று எவனும் காவல் வைக்காத மரங்களின் பழங்களும் அதன் ஆகாரத்தில் ஏராளம். பழத்தை நசுக்கிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு சக்கையை உருண்டையாகத் துப்பிவிடும். அத்தி, ஆல் இவற்றின் பொடி விதைகள் சாற்றோடு உட்சென்று சுமார் அரைமணி நேரத்தில் வெளிப்படுகின்றன. அதற்குள் அது வெகுதூரம் போயிருக்கும். பறக்கும்போதே கழிப்பதால் மரமில்லாத பொட்டலிலும் விதை விழுகிறது. கிளையில் அமர்ந்து எச்சமிடும் பட்சிகளால் இவ்வளவு ஆவதில்லை. இலுப்பை, புன்னை போன்ற பெருங்கொட்டைகளை விழுங்க இயலாது. பழத்தைக் கவ்விச் சென்று வேறு மரத்தில் தின்று, கொட்டையைக் கீழே போடும். நம் கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் தந்த அந்த இலுப்பையின் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதிலும் இரவில் வரும் இந்த விருந்தாளிக்குப் பங்குண்டு.

2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா ஜுரம் கண்டது முதல் புதிய பீதி ஒன்று கிளம்பியிருக்கிறது. வௌவால் கடித்த பழத்தைத் தொடாதிருப்பது அவசியமே. அதற்காக மரத்தை வெட்டி அவற்றைக் கலைப்பது விவேகமன்று. கலைந்தவை அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவே.

2022-இல் சட்டம் திருந்தியது. நாசப்பிராணிகளின் அட்டவணை ஒழிந்து, இந்தியப் பழந்தின்னி வௌவால் காக்கப்படும் பிராணிகளின் வரிசையில் ஏறியது. எனினும் வருஷத்துக்கு ஒரு குட்டியே ஈனும் அது தலைமுறையாய்த் தொங்கிவரும் ஆலும் மருதும் ரஸ்தா அகலப்படுத்தும் வேலையில் சாய்கின்றன. 1950 முதல் வனமகோத்ஸவம் கொண்டாடிக் கன்று நடுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சில கிராமத்தார் வௌவால் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. சட்டம் திருந்துவதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் மேற்கொண்ட கட்டுப்பாடு இது. ஊர்தோறும் உள்ள தேசத் தொண்டர்கள் வௌவால் தங்கும் மரங்களைக் கணக்கெடுத்து, கோடரி வருமுன் கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றி வைப்பார்களாக.