உஷார்! பேட்டரி சொருகியாச்சா? மோட்டார் ஓடுகிறது என்றே வையுங்கள்

மின்சார ரேடியோ கன்ட்ரோல் விமானங்களின் பைலான் பந்தயத்தில் இறங்கப் போகிறீர்களா? கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது விமானம் நொறுங்குவதைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். அங்கே நொறுங்குவது பெரும்பாலும் விமானம்தான். விரல் போவது அதற்கு முன்னால், கிளப்பும் இடத்தில்!

சர்வதேச வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.யின் விதிப்படி அமைக்கும் கோர்ஸில் மூன்று கம்பங்கள். முதல் கம்பம் மற்ற இரண்டிலிருந்து 180 மீட்டர் தள்ளி நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவே 40 மீட்டர். ஒரு சுற்று 400 மீட்டர். பத்துச் சுற்று, 4 கிலோமீட்டர். தேர்ந்தவர்கள் ஒரு நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகக் கட்டிய மோட்டார், நீங்கள் கையில் பிடித்திருக்கும்போதும் அதே மோட்டார்தான்.

சத்தம் வராது, நம்பாதீர்கள்

க்ளோ இன்ஜின் ஓடினால் மைதானத்துக்கே கேட்கும். மின் மோட்டார் பேட்டரி சொருகிய பிறகும் ஊமையாக இருக்கும். த்ராட்டில் குச்சியில் சட்டை பட்டால் போதும், கண் இமைப்பதற்குள் முழு வேகம்! இன்ஜின் என்றால் கை பட்டதும் திணறி நின்றுபோக வாய்ப்புண்டு. மோட்டாரோ தடை வந்தால் இன்னும் கரண்டை இழுத்து முறுக்கப் பார்க்கும். 5 அங்குல ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்குக் கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஸ்விட்ச் போட்ட மிக்ஸி ஜாருக்குள் யாராவது விரலை விடுவார்களா?

சொருகும் வரிசை மாறக் கூடாது

முதலில் ரிமோட். திரையில் இருப்பது இந்த விமானத்தின் பெயர்தானா என்று பாருங்கள். வேறு மாடலின் மெமரி இருந்தால் ஏலரான் தலைகீழாக வேலை செய்யலாம்; த்ராட்டிலே தலைகீழாகி, சொருகியவுடன் மோட்டார் சீறவும் செய்யலாம். குச்சி அடியில், த்ராட்டில் கட் ஸ்விட்ச் போட்டபடி. விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். ப்ரொப்பல்லருக்கு எதிரிலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. அப்புறம்தான் பேட்டரி. கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட்.

பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சேஃப்டி பிளக்கை வெளிப்பக்கம் வைத்துவிட்டால் ப்ரொப்பல்லருக்குப் பின்னாலிருந்தே சொருகலாம். அதையும் கிளப்பும் இடத்துக்குப் போன பிறகு சொருகுங்கள். ஷெட்டிலேயே சொருகிவிட்டுக் கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு வராதீர்கள்!

ஃபெயில்சேஃப் சோதனையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ப்ரொப்பல்லரைக் கழற்றி, மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையா? அந்த விமானம் மைதானத்துக்கே வரக் கூடாது.

கையால் எறிகிறவரே, கவனம்!

சக்கரம் இல்லாத வகுப்பில் உதவியாளர்தான் விமானத்தை எறிகிறார். ஆபத்து முழுக்க அவர் கையில். பந்தய ப்ரொப்பல்லர் சிறியது, பிட்ச் அதிகம். நின்ற நிலையில் அதன் இறக்கைகள் காற்றை வெட்டித் தள்ளாமல் வெறுமனே அலசும். கரண்டைக் குடிக்கும், போதிய இழுவை தராது. விமானம் வேகம் எடுத்த பிறகுதான் கவ்விப் பிடிக்கும். ஆகவே மோட்டார் இழுத்துக்கொள்ளும் என்று மெல்ல விட்டுவிடாதீர்கள். காற்றுக்கு எதிரே, இறக்கை சமமாக, மூக்கு கிடையாக, பலமாக எறியுங்கள். மூக்கைத் தூக்கி எறிந்தால் ஸ்டால். கூடவே மோட்டாரின் டார்க் விமானத்தை இடப்பக்கம் கவிழ்க்கும். சமாளிக்கக் கீழே உயரமே இருக்காது.

பிடி இறக்கைக்கு அடியில், விமானத்தின் உடம்போடு சேர்த்து. விரல் முன்னால் நீளக் கூடாது. தொங்கும் கழுத்துப் பட்டை, அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை எல்லாவற்றையும் முதலிலேயே ஒதுக்குங்கள். த்ராட்டில் கொடுக்கும் முன் பைலட் உரக்கச் சொல்ல வேண்டும். உதவியாளர் பதில் சொன்ன பிறகே குச்சி நகர வேண்டும். தலையாட்டல் போதாது!

பைலட்டுக்கு: எறிந்தவுடன் எலிவேட்டரை இழுக்காதீர்கள். இறக்கையைச் சமமாக வையுங்கள், வேகம் சேரட்டும், பிறகு மெல்ல ஏற்றுங்கள். எறிவதற்கு முன் ஏலரானை அசைத்து இருவரும் பாருங்கள்: குச்சி வலப்பக்கம் போனால் வலது ஏலரான் மேலே வர வேண்டும்.

சக்கரத்தில் ஓடிக் கிளம்பினால்

இங்கேயும் டார்க் சும்மா விடாது. த்ராட்டிலைத் திறந்ததும் விமானம் இடப்பக்கம் இழுக்கும். பக்கத்தில் நிற்பது அடுத்த போட்டியாளரும் அவருடைய உதவியாளரும்! வலது ரடரைத் தயாராக வையுங்கள். நேராக ஓடவில்லை என்றால் திருத்திப் பார்க்கும் ஆசை வேண்டாம், உடனே த்ராட்டிலை மூடுங்கள். விமானங்களை ஒரு நொடி இடைவெளியில்தான் விடுகிறார்கள். 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 83 மீட்டர். தாமதமாகக் கிளம்பிய விமானத்தை ஓடிப்போய்ப் பிடிக்கவோ தள்ளவோ நேரமே கிடையாது. கோர்ஸுக்குள் நிற்கிற எல்லோருக்கும் தலைக்கவசம் கட்டாயம். வெயிலைக் காரணம் காட்டிக் கழற்றாதீர்கள்.

விழுந்துவிட்டதா? ஓடாதீர்கள்!

மூக்கு குத்தி நின்ற விமானத்தில் த்ராட்டில் திறந்தே இருந்தால், சுற்ற முடியாத மோட்டார் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பீடு கன்ட்ரோலர் எரியலாம். கையில் எடுக்கும் நேரம் பார்த்து ப்ரொப்பல்லர் விடுபட்டுச் சுழலலாம். முதலில் த்ராட்டிலை மூடுங்கள். பின்பக்கமாகப் போய் பேட்டரியைக் கழற்றுங்கள். சேதத்தைப் பிறகு பார்க்கலாம். அடிபட்ட லிப்போ பேட்டரி அப்போது சாதுவாகத் தெரிந்தாலும் சிறிது நேரம் கழித்துத் தீப்பிடிக்கலாம். அதைக் காருக்குள் வைக்காதீர்கள். திறந்த வெளியில், எரியக்கூடிய பொருள் எதுவும் இல்லாத இடத்தில் தனியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. நேரமாயிற்று என்று கூப்பிடும்போது எல்லாருக்கும் அவசரம் வரும். சந்தேகம் இருந்தால் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, விமானத்தைப் பிடித்திருப்பவருக்கும் உண்டு. பைலட் அவரோடு வாதாடக் கூடாது. ஒரு ஹீட் போனால் புள்ளிதான் போகும். அடுத்த ஹீட்டில் எடுத்துக்கொள்ளலாம். எறிய விரல் இருந்தால்!