மரபு என்னும் நியாயம்

தமிழிலே 'மரபு' என்னுஞ் சொல் பெருமதிப்புடையது. தொல்காப்பியனார் தம் நூலின் இறுதி இயலுக்கு மரபியல் எனப் பெயரிட்டார். முன்னோர் சென்ற நெறியே மரபு எனப் பெரியோர் உரைப்பர். ஆயினும் முன்னோர் சென்ற நெறிகள் ஒன்றல்ல, பல. அவற்றுள் எதனைப் போற்றுவது, எதனைக் கைவிடுவது என்னும் வினா எழுமிடத்து, 'இது மரபு' என்னும் ஒரு சொல்லே விடையாகிவிடுமா என்பது ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. புங்குடுதீவு மடத்துவெளியில் வாழ்வோரும், அங்கிருந்து ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன் ஆகிய நகரங்களுக்குச் சென்றோரும், யாழ்ப்பாணத்து ஏனைய ஊர்களின் மக்களும் ஊர்க்கதை பேசுங்கால் இவ்வினா எழாமல் இருப்பதில்லை. தேர்வடத்தை யார் பற்றலாம், சுவாமியை யார் சுமக்கலாம், எவ்வீட்டு முற்றத்தில் யார் எவ்விடத்தில் அமரலாம் என்பன பற்றிச் சிலர், "அது சாதித் திமிரன்று, எங்கள் ஊரின் பாரம்பரியம்" என்பர். இங்ஙனம் கூறுவோர் பலர் நல்லியல்பினர், உதவி வேண்டினார்க்கு உதவுவோர், நண்பர்கள். ஆகையால் அவர்களை இகழாது அவர்தம் வாதத்தை முறையாக எடுத்துக்கொண்டு விடை கூறுதலே தக்கது. சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியாரும் பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் எடுத்துரைத்த பின்னரே தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவினார்.

இவ்வாதம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்கள் 1861 முதல் 1865 வரை நடத்திய உள்நாட்டுப் போரில் அவற்றின் படை ஏந்திய கொடி ஒன்றுண்டு. சிவந்த நிலத்தில் நீலப் பட்டைகள் குறுக்கிட, அவற்றின்மேல் வெண்ணிற விண்மீன்கள் பொறிக்கப்பெற்றது அது. இன்றும் அதனை வீட்டு வாயிலிலும் ஊர்தியிலும் கட்டுவோர், "இது பகையின் சின்னமன்று, முன்னோரின் நினைவு" என்பர். இரு நாட்டு நண்பர்களின் நியாயங்களையும் அருகருகே வைத்து நோக்கின், அவற்றின் வன்மையும் மென்மையும் தெளிவாகும்.

முதலாவது நியாயம், முன்னோரின் நோக்கம் தூய்மையானது என்பதாகும். தென்மாநிலப் போர்வீரருட் பெரும்பாலார் அடிமைகளை உடையவரல்லர். தம் ஊரைக் காக்கவே போரிட்டனர் என்பர். தனியொரு வீரனின் உள்ளத்தைப் பற்றிய அளவில் இஃது உண்மையாகலாம். ஆனால் கொடி தனியொருவனுடையதன்று. அஃது ஓர் அரசுக்காகப் பறந்தது. அவ்வரசின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்ரீவன்ஸ் 1861 மார்ச் 21ஆம் நாள் சவானா நகரில் ஆற்றிய உரையில், கறுப்பினத்தார் வெள்ளையர்க்கு நிகரானவரல்லர் என்னும் கொள்கையே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகக் கூறினார். நிறுவினவரே உரைத்த நோக்கத்தைப் பேரப்பிள்ளைகள் மாற்றியுரைத்தல் இயலாது.

யாழ்ப்பாணத்திலும், "அக்காலத்தில் எல்லாரும் ஒரு குடும்பம்போல் வாழ்ந்தனர், அவரவர்க்கு அவரவர் பணி இருந்தது" என்பர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1706-1707ஆம் ஆண்டுகளில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையைப் படிப்பார்க்கு அக்குடும்பத்தின் இயல்பு புலனாகும். சீதனம், முதுசொம், ஈடு, ஒற்றி ஆகியவற்றை வகுத்துரைக்கும் அதே தொகுப்பு, அடிமைகளைப் பற்றிய விதிகளையும் கூறுகின்றது. நிலமும் பனையும் கைமாறியவாறே மனிதரும் கைமாறினர். இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக நீக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேயாம். உறவினனை எவரும் சீதனமாகக் கொடுப்பதில்லை. ஆகவே அவ்வுறவைக் குடும்ப உறவு என்றல் பொருந்தாது.

இரண்டாவது நியாயம் தொன்மை. "தொன்றுதொட்டு வருவதை மாற்ற நாம் யார்?" என்பர். இக்கூற்று வரலாற்றுச் சோதனைக்கு நிற்பதில்லை. பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. ஜோர்ஜியா மாநிலம் பழைய போர்க்கொடியின் வடிவத்தைத் தன் கொடியிற் சேர்த்ததோ 1956இல். தென் கரோலினாவின் சட்டசபை மாளிகை உச்சியில் அது ஏறியது 1960களின் தொடக்கத்தில். போர் முடிந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னர், சமவுரிமை கேட்ட குரல் ஓங்கியபோது அக்கொடி மீண்டும் உயர்ந்தது. தொன்மை அதற்குப் போர்வை மாத்திரமே.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் சீமெந்துக் கோபுரமும் வந்தபோது மரபு கெட்டதென எவரும் வழிமறித்திலர். 2018ஆம் ஆண்டு தென்மராட்சிக் கோயில் ஒன்றில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. அடியார் கூடி வடம்பிடித்திழுக்க வேண்டிய தேரை, மண் அகழும் இயந்திரம் ஒன்று இழுத்துச் சென்றது. ஒடுக்கப்பட்ட சமூகத்தார் வடத்தைப் பற்றாது தடுத்தற்கே இவ்வாறு செய்யப்பட்டதெனப் பத்திரிகைகள் எழுதின. அஃது அவ்வாறாயின், ஈண்டுக் கைவிடப்பட்டது எது, காக்கப்பட்டது எது என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக. பலர் கைகள் ஒரு வடத்திற் சேரும் பழைய மரபு கைவிடப்பட்டது. விலக்கி வைத்தல் ஒன்றே காக்கப்பட்டது.

மூன்றாவது நியாயம் சாத்திரத்தின் பாற்பட்டது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைந்து வழிபட 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் அறப்போர் தொடங்கியபோது, வழிமறித்து நின்றாருள் முதன்மையானவர் செ. சுந்தரலிங்கம். அவர் கல்லாதவரல்லர், கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் அமைச்சராகவும் விளங்கியவர். கோயில் வழக்கத்தைக் காப்பதாகவே அவர் வாதிட்டார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. கல்வி மிகுந்தோரும் பிழையான பக்கத்தில் நிற்றல் கூடும் என்பதற்கு, கல்லூரிகளால் உயர்ந்த யாழ்ப்பாணம் மறக்கலாகாத சான்று இது.

சாத்திரம் பேசுவோர், கோயிற் பிராகாரத்தில் வரிசையாக எழுந்தருளியிருக்கும் அறுபத்துமூவரை நோக்குதல் வேண்டும். திருநாளைப்போவார் அங்குளர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் அங்குளர். கல்லான நந்தனார்க்குக் கருவறைக்கு அண்மையில் இடமளித்து, உயிருள்ள நந்தனாரை வாயிலில் நிறுத்தும் வழக்கத்தைச் சைவ மரபு என்று கூறுதல் அம்மரபுக்கே இழுக்காம்.

நான்காவது நியாயம், "எங்களிடம் தீய எண்ணமில்லை; அவர்களும் வருந்துவதில்லை" என்பதாகும். தீவுகளில் நன்னீரின் அருமையை அறியாதார் இலர். உவர்நீர்க் கிணறுகள் பலவற்றுக்கு நடுவே நன்னீர்க் கிணறு ஒன்றிருப்பின், ஊர் முழுவதும் குடத்துடன் அங்கு செல்லும். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் அத்தகைய கிணறுகளில் தாமாக அள்ளும் உரிமையின்றி, உரிமையுடையார் ஒருவர் வந்து ஊற்றும்வரை வெற்றுக் குடத்துடன் காத்திருந்தனர். காத்திருந்தவள் வாய்திறவாமைக்குக் காரணம் இசைவன்று, தாகம். அள்ளி ஊற்றியவர் இரக்கத்துடனேயே ஊற்றியிருக்கலாம். ஆயினும் கிணற்றின் விதியை மாற்ற அவ்விரக்கம் போதியதாயிருக்கவில்லை. 2015 ஜூன் 17ஆம் நாள் சார்ள்ஸ்ரன் நகரத் தேவாலயத்தில் கறுப்பினத்தார் ஒன்பதின்மர் ஓர் இனவெறியனாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவன் அப்பழைய கொடியுடன் எடுத்த நிழற்படங்கள் வெளிவந்தன. ஜூலை 10ஆம் நாள் சட்டசபை வளவிலிருந்து அக்கொடி இறக்கப்பட்டது. கொடியை விரும்பினார் எல்லாருங் கொலைஞரல்லர். எனினும் ஒரு சின்னத்தின் பொருளை அதனை ஏந்துவோர் மட்டும் உரைத்தல் போதாது. அதன் நிழலில் நின்றவரும் உரைத்தல் வேண்டும்.

இதனைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இலங்கையின் தேசியக் கொடியை வகுக்க 1948இல் அமைந்த குழுவில், சிங்கத்துக்குப் புறம்பே இரு பட்டைகள் வைத்தமைக்குச் செனற்றர் நடேசன் இசையாது நின்றார். சிங்கக் கொடி தங்கள் பாரம்பரியம் என்று ஒரு சாரார் மகிழ்ந்தபோது, அது தம்மை ஓரத்தில் நிறுத்துவதாக மற்றொரு சாரார் உணர்ந்தனர். அவ்வுணர்வு நியாயமானதெனக் கொள்ளும் நண்பர், தேர்முட்டியடியில் ஒதுங்கி நிற்பவனின் உணர்வை மாத்திரம் எங்ஙனம் தள்ளுவர்?

இறுதியாக, "இவற்றையெல்லாம் விட்டால் மரபில் எஞ்சுவது யாது?" என அஞ்சுவர். எஞ்சுவது மிகுதி. நன்னூலார் பழைய சொற்கள் வழக்கொழிதலையும் புதியவை வந்து சேர்தலையும் காலத்தின் இயல்பென ஏற்றார். அதனால் தமிழ் அழிந்திலது. மடத்துவெளி என்னும் பெயரிலேயே ஒரு மரபு உறைகின்றது. மடமென்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர்க்கு மடமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தமை தீவுமக்களின் மரபு. 1924இல் தோன்றி, தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி நடத்திய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசும் யாழ்ப்பாணத்து மரபே. விலக்கியவரும் முன்னோர், விலக்கலாகாது என எழுந்தவரும் முன்னோர். வாயிலில் நின்றவரும் ஒருசிலரின் முன்னோரே. இவருள் யாரை வழித்துணையாகக் கொள்வது என்பது இன்றுள்ளார் தெரிவேயன்றி விதியன்று.

1991இல் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் உடுத்த உடையுடன் பிறர் முற்றங்களில் நின்றனர். பின்னர் அயல்நாடுகளில் அகதிகளாய் நின்று, பிறப்பு நோக்காது மனிதராக மதிக்குமாறு கேட்டனர், பெற்றனர். பிறரிடம் கேட்டுப் பெற்ற அதனைத் தம் ஊரவர்க்கு மறுத்தல் எம்மரபிலும் அறமாகாது. முன்னோரை வணங்குதல் ஒன்று. அவர் செய்த பிழையை வணங்குதல் வேறொன்று. இவ்விரண்டையும் பகுத்தறிதலே மரபை உண்மையாகப் போற்றுவார் கடன்.