உள்ளூர்க் கூட்டாளர் வழி மென்பொருள் ஒப்பந்தம்

உள்ளூர்க் கூட்டாளர் வழி மென்பொருள் ஒப்பந்தம் என்பது, குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கோ துறைக்கோ உருவாக்கப்பட்ட சிறப்பு மென்பொருளை ஓர் இடத்தின் மொழி, சட்டம், வணிக வழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்பத் தகவமைக்கவும், அங்கு வினியோகிக்கவும், விற்ற பின் பராமரிக்கவும் அம்மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் அவ்விடத்து நிறுவனம் ஒன்றுடன் செய்துகொள்ளும் உடன்படிக்கையாகும். கணக்கியல், கூட்டுறவு வங்கி, மருத்துவமனை, நூலகம் முதலிய துறைகளின் மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வழியிலேயே சிறு நகரங்களைச் சென்றடைகின்றன. இக்கட்டுரை இவ்வகை ஒப்பந்தங்களின் அமைப்பையும், இந்தியச் சட்டத்தில் அவற்றின் நிலையையும், தமிழ்நாட்டின் கரிசல் வட்டாரமான கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பகுதிகளுக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

பின்னணி

தொடக்கக் காலத்தில் மென்பொருள் கணினியுடன் சேர்த்தே வழங்கப்பட்டது. 1969 சூனில் ஐபிஎம் நிறுவனம் மென்பொருளுக்கும் சேவைக்கும் தனித்தனியே விலை நிர்ணயிக்கப் போவதாக அறிவித்தது. இதன் பின்னர் மென்பொருள் தனி வணிகப் பொருளாக வளர்ந்தது. விற்பவர் ஒருவர், பராமரிப்பவர் வேறொருவர் என்ற நிலையும் தோன்றியது.

இந்தியாவில் இம்முறைக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு டேலி கணக்கியல் மென்பொருள் ஆகும். சியாம் சுந்தர் கோயங்கா, பாரத் கோயங்கா ஆகியோர் 1986-இல் தொடங்கிய இந்நிறுவனம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. நாடெங்கும் உள்ள கூட்டாளர் நிறுவனங்களே இதன் உரிமங்களை விற்கின்றன. நிறுவிக் கொடுத்துப் பயிற்சியும் அளிக்கின்றன. மூல மென்பொருளை மாற்றாமல் கூடுதல் வசதிகளை எழுதிச் சேர்ப்பதற்கென டிடிஎல் என்னும் தனி நிரல்மொழியும் உள்ளது.

உள்ளூர்த் தகவமைப்பின் தேவைக்கு வரிச் சட்டங்கள் முதன்மைக் காரணமாக இருந்தன. பெரும்பாலான மாநிலங்கள் 2005-இல் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறியபோது தமிழ்நாடு 2007 சனவரி 1 அன்றுதான் மாறியது. ஆகவே ஒரே மென்பொருள் ஒரே காலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு இயங்க வேண்டியிருந்தது.

மூன்று தனித்தனி உடன்படிக்கைகள்

இம்முறையில் ஒரே விற்பனைக்குப் பின்னால் பொதுவாக மூன்று உடன்படிக்கைகள் உள்ளன.

1. கூட்டாளர் உடன்படிக்கை: உருவாக்கிய நிறுவனத்துக்கும் உள்ளூர்க் கூட்டாளருக்கும் இடையிலானது. கழிவுத் தொகை, விற்பனைப் பகுதி, வணிகக் குறியைப் பயன்படுத்தும் உரிமை, பயிற்சிக் கடமை ஆகியவற்றை வரையறுக்கும்.

2. பயனர் உரிமம்: உருவாக்கிய நிறுவனத்துக்கும் பயனருக்கும் இடையிலானது. நிறுவும்போது திரையில் தோன்றும் விதிகளுக்குப் பயனர் "ஏற்கிறேன்" என்று அளிக்கும் இசைவே பெரும்பாலும் இவ்வுரிமத்தை உருவாக்குகிறது. மின்னணு வழியில் உருவானது என்ற காரணத்துக்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு கூறுகிறது.

3. சேவை ஒப்பந்தம்: கூட்டாளருக்கும் பயனருக்கும் இடையிலானது. நிறுவுதல், தகவமைத்தல், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவை இதில் அடங்கும்.

இந்த வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. ஒப்பந்தத்தில் பங்கு பெறாத ஒருவர் பொதுவாக அதன் அடிப்படையில் வழக்குத் தொடர இயலாது. எனவே கூட்டாளர் உடன்படிக்கையில் "ஒரு நாளுக்குள் பழுது நீக்க வேண்டும்" என்று எழுதப்பட்டிருந்தாலும், சேவை ஒப்பந்தத்தில் அது இடம்பெறாவிட்டால் பயனர் அதனைக் கோருவது கடினம். அதுபோலவே கூட்டாளர் வாய்மொழியாகக் கூறிய உறுதி, உருவாக்கிய நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்பதும் உறுதியன்று.

கூட்டாளர் வகைகள்

முகவர்: உருவாக்கிய நிறுவனத்தின் சார்பில் செயல்படுபவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தம் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்யும் செயல்கள் அவரை அமர்த்தியவரைக் கட்டுப்படுத்தும்.

மறுவிற்பனையாளர்: உரிமங்களைத் தம் கணக்கில் வாங்கி விற்பவர். இவரது வாக்குறுதிகளுக்கு இவரே பொறுப்பு. பெரும்பாலான கூட்டாளர் உடன்படிக்கைகள், கூட்டாளர் தம் முகவர் அல்லர் என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

மதிப்புக் கூட்டும் மறுவிற்பனையாளர்: தம் கூடுதல் நிரல்களையும் சேர்த்து விற்பவர்.

அமைப்பு ஒருங்கிணைப்பாளர்: பெரிய திட்டங்களில் வன்பொருள், மென்பொருள், தரவு மாற்றம், பயிற்சி ஆகிய அனைத்தையும் இணைத்துச் செய்து கொடுப்பவர்.

முதன்மைக் கூறுகள்

தகவமைப்பு

தகவமைப்பில் இரு நிலைகள் உள்ளன. மென்பொருளில் ஏற்கெனவே உள்ள தெரிவுகளை அமைத்துத் தருதல் முதலாவது. புதிய நிரல் எழுதுதல் இரண்டாவது. இரண்டாவதில்தான் உரிமைச் சிக்கல் எழுகிறது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. ஊழியர் பணியின்போது எழுதும் நிரலின் முதல் உரிமையாளர், மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, அவரைப் பணியில் அமர்த்தியவர் ஆவார். ஆனால் வெளி நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கொடுத்து எழுதச் செய்வதால் மட்டும் அந்நிரலின் பதிப்புரிமை வாடிக்கையாளருக்கு வந்துவிடுவதில்லை. உரிமை மாற்றம் எழுத்து வடிவில் கையொப்பத்துடன் அமைய வேண்டும். அதில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் எனவும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா எனவும் சட்டம் கொள்கிறது. ஆகவே "முழுப் பணமும் கொடுத்துவிட்டோம், நிரல் நமதே" என்ற பொதுவான எண்ணம் சட்டப்படி சரியானதன்று.

வினியோகம்

ஒரு பகுதியில் ஒரே கூட்டாளர் மட்டும் விற்கும் தனியுரிமை சில ஒப்பந்தங்களில் தரப்படுகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கைகளைச் செல்லாதவை என்கிறது. எனினும் ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள காலத்துக்கு மட்டுமான கட்டுப்பாடு பொதுவாக இத்தடைக்குள் வராது என்பதை உச்ச நீதிமன்றம் குசராத் பாட்டிலிங் எதிர் கோக்க கோலா வழக்கில் (1995) விளக்கியது. தனியுரிமை வினியோகமும் மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடும் சந்தைப் போட்டியைக் குலைப்பின், 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவின்கீழ் ஆராயப்படலாம்.

ஆதரவு

ஆதரவுப் பிரிவில் "மறுமொழி நேரம்", "தீர்வு நேரம்" ஆகிய இரண்டும் வெவ்வேறானவை. நான்கு மணி நேரத்தில் மறுமொழி என்பது நான்கு மணி நேரத்தில் யாரேனும் அழைப்பை ஏற்பர் என்பதையே குறிக்கும். பழுது நீங்கிவிடும் என்பதையன்று. நேரில் வருவதா, தொலைவிலிருந்து இணையம் வழியே சரிசெய்வதா, பயணச் செலவு யாருடையது, ஞாயிறும் விடுமுறை நாள்களும் கணக்கில் சேருமா என்பனவும் எழுதப்பட வேண்டியவை.

எடுத்துக்காட்டு: தீப்பெட்டித் தொழிலும் வரி மாற்றமும்

கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் தீப்பெட்டி உற்பத்திக்குப் பெயர்பெற்றவை. 2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது கையால் செய்யப்பட்ட தீப்பெட்டிகளுக்கு 5 விழுக்காடும், ஏனையவற்றுக்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டு 12 விழுக்காடு ஆயின. 2025 செப்டம்பர் 22 முதல் பாதுகாப்புத் தீக்குச்சிகளுக்கான வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

எட்டு ஆண்டுகளில் மூன்று அமைப்புகள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பட்டியல் போடும் மென்பொருளில் வரி விகிதம், பொருள் வகைப்பாடு, அச்சுப் படிவம் ஆகியவை மாற வேண்டும். விகிதத்தை மாற்றுவது எளிது. ஆனால் ஒரு கூட்டாளர், கைத்தொழில், இயந்திரம் என இருவகையாகப் பிரித்துத் தனி நிரல் எழுதிக் கொடுத்திருந்தால், 2020-இல் அந்நிரலையே மாற்றி எழுத வேண்டும். அது பராமரிப்பில் அடங்குமா, புதிய பணியாகக் கருதப்பட்டுத் தனிக் கட்டணம் பெறுமா என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கும். "சட்டத்தால் நேரும் மாற்றங்கள்" என்ற தனிக்கூறு இதற்காகவே சேர்க்கப்படுகிறது.

மென்பொருள் பழுதால் வரி அறிக்கை தாமதமானாலும் தாமதக் கட்டணம் வரி செலுத்துபவரையே சாரும். மறுபுறம், பெரும்பாலான உரிமங்கள் உருவாக்கிய நிறுவனத்தின் பொறுப்பைச் செலுத்தப்பட்ட உரிமக் கட்டண அளவுக்கு வரம்பிடுகின்றன. இழப்பு பெரிதாகவும் ஈடு சிறிதாகவும் அமையும் இடம் இதுவே.

எடுத்துக்காட்டு: கூட்டுறவுக் கடன் சங்கங்கள்

ஓட்டப்பிடாரம் வட்டம் போன்ற மானாவாரிக் கரிசல் பகுதிகளில் பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் பயிரிடும் உழவர்களுக்குப் பயிர்க்கடனும் நகைக்கடனும் உரமும் வழங்குபவை தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள். நாடெங்கும் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு இந்திய நடுவண் அமைச்சரவை 2022 சூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. ஐந்து ஆண்டுகளுக்கான மதிப்பீடு 2,516 கோடி ரூபாய். இதில் நடுவண் அரசின் பங்கு 1,528 கோடி ரூபாய். பின்னர்ச் சங்கங்களின் எண்ணிக்கையும் மதிப்பீடும் உயர்த்தப்பட்டன. வேளாண்மை மற்றும் ஊரக மேம்பாட்டு வங்கியான நபார்டு இதனைச் செயற்படுத்துகிறது.

இத்திட்டத்தின் அமைப்பு இக்கட்டுரைப் பொருளுக்கு நேரடியாகப் பொருந்துவது. தேசிய அளவில் ஒரு நிறுவனம் பொது மென்பொருளை உருவாக்குகிறது. மாநிலங்களுக்கெனத் தேர்ந்தெடுக்கப்படும் அமைப்பு ஒருங்கிணைப்பாளர்கள் பழைய பேரேடுகளின் தரவை ஏற்றுதல், பயிற்சி, உடனிருந்து உதவுதல் ஆகியவற்றைச் செய்கின்றனர். மென்பொருள் வட்டார மொழியிலும், மாநிலத் தேவைக்கேற்ப மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. மாவட்ட நிலை ஆதரவு ஏறத்தாழ 200 சங்கங்களைக் கொண்ட தொகுதிக்கு ஒன்று என வகுக்கப்பட்டது.

இங்கு பழைய பேரேட்டிலிருந்து தரவை ஏற்றும்போது நேரும் பிழை, ஓர் உழவரின் கடன் நிலுவையைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடலாம். ஆகவே ஏற்றப்பட்ட தொகையைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு ஏற்பளிப்பவர் யார், ஏற்பளித்த பின் கண்டறியப்படும் பிழையைத் திருத்துபவர் யார் என்பன இவ்வகை ஒப்பந்தங்களில் மென்பொருளின் விலையைவிட முதன்மையானவை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு எதிர் ஆந்திரப் பிரதேச அரசு (2004): ஊடகத்தில் பதிந்து விற்கப்படும் ஆயத்த மென்பொருள் "சரக்கு" ஆகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

மென்பொருள் வணிகர் சங்க வழக்கு (2010): மென்பொருள் சரக்கே ஆயினும், ஒரு பரிமாற்றம் விற்பனையா சேவையா என்பது அதன் ஒப்பந்த விதிகளைப் பொறுத்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் கருதியது.

எஞ்சினியரிங் அனாலிசிசு வழக்கு (2021 மார்ச் 2): வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளை இந்திய வினியோகத்தர் வாங்கி விற்கும்போது பதிப்புரிமை எதுவும் அவருக்கு மாற்றப்படுவதில்லை என்றும், அதற்கான தொகை உரிமைத்தொகையாகக் கருதி வரிவிதிக்கத்தக்கதன்று என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வினியோக ஒப்பந்தங்களின் வாசகங்களே இத்தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தன.

ஏபிசி லாமினார்ட் எதிர் ஏ.பி. ஏசென்சீசு, சேலம் (1989): இது மென்பொருள் வழக்கன்று. எனினும் வழக்கு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்ற கூற்றுக்கு முன்னோடியானது. "கைரா எல்லைக்கு உட்பட்டது" என்று மட்டும் எழுதப்பட்டிருந்ததால் சேலம் நீதிமன்றத்தின் அதிகாரம் விலக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் சுவசுத்திக் கேசசு வழக்கில் (2013), "மட்டும்" போன்ற சொல் இல்லாவிடினும் விலக்கும் நோக்கத்தை உய்த்துணரலாம் என்று கொள்ளப்பட்டது. தொலைவிலுள்ள நகரில் வழக்காட வேண்டிவருமா என்பது சிறு பயனருக்குப் பொருள்பொதிந்த வினாவாகும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. தம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்து, அதற்கென மட்டும் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு.

ஒப்பந்த முடிவு

கூட்டாளர் தொழிலை விட்டுவிடலாம். உருவாக்கிய நிறுவனம் பழைய பதிப்புக்கான ஆதரவை நிறுத்தலாம். டேலியின் நிரந்தர உரிமம் பெற்றவர் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலும் கையிலுள்ள பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். புதிய பதிப்புகள் கிடைக்கமாட்டா. இணையவழி வாடகை மென்பொருளிலோ சந்தா முடிந்தால் பயன்பாடே நின்றுவிடக்கூடும்.

பிறர் உடைமையை நம்பித் தொழில் நடத்துவதன் இடர் புதியதன்று. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரனார் 1906-இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம், முதலில் பம்பாயின் ஷாலைன் நிறுவனத்திடம் குத்தகைக்குக் கப்பல் எடுத்தே ஓட்டியது. போட்டி ஆங்கிலேய நிறுவனத்தின் நெருக்குதலால் அக்குத்தகை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன்பின் சொந்தக் கப்பல்கள் வாங்கப்பட்டன.

இவ்விடரைக் குறைக்கப் பின்வரும் கூறுகள் சேர்க்கப்படுகின்றன:

- தரவை வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவில் திருப்பித் தருதல்
- முடிவுக்குப் பின் சில மாதங்கள் இடைக்கால ஆதரவு
- மூலநிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைத்தல். உருவாக்கியவர் தொழிலை விட்டால் பயனருக்கு அது வழங்கப்படும்
- கூட்டாளரிடம் உள்ள கடவுச்சொற்களையும் தரவுப் படிகளையும் ஒப்படைத்தல் அல்லது அழித்தல்

இறுதிக் கூறு 2023-ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் மேலும் முதன்மை பெறுகிறது. தரவைக் கையாளும் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவரையே சாரும் என்பது அச்சட்டத்தின் நிலைப்பாடு. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன.

கட்டற்ற மென்பொருளில் இம்முறை

கட்டற்ற மென்பொருளில் உரிமக் கட்டணம் இல்லாததால் தகவமைப்பும் ஆதரவுமே வணிகமாகின்றன. நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கோகா நூலக மென்பொருள் இதற்கு எடுத்துக்காட்டாகும். மூலநிரல் அனைவருக்கும் கிடைப்பதால் ஒரு கூட்டாளர் விலகினாலும் வேறொருவரை அமர்த்தலாம். எனினும் நிரல் கட்டற்றது என்பதால் பெயரும் அவ்வாறே ஆகிவிடாது. 2011-இல் கோகா என்னும் வணிகக் குறி குறித்தே நியூசிலாந்தில் சர்ச்சை எழுந்தது. மேலும் மூலநிரல் கையில் இருந்தாலும் அதனைப் படித்துத் திருத்தவல்லவர் அருகில் இல்லாவிடின் பயனர் மீண்டும் ஓர் ஒப்பந்தத்தையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

- மென்பொருள் உரிமம்
- பதிப்புரிமை
- மென்பொருள் உள்ளூர்மயமாக்கல்
- கட்டற்ற மென்பொருள்
- கூட்டுறவுச் சங்கம்
- கோவில்பட்டி
- ஓட்டப்பிடாரம்