மகளின் மூன்று வருடம்

தாதியர் பயிற்சிக்கு மகளை அனுப்பி, பிரசவ அறையில் வேலை எடுக்க வழி கேட்கும் வியாபாரிகளுக்கு நான் சொல்வது இதுதான்.

கட்டணம் கட்டுமுன், அந்தப் பாடநெறியை முடித்தால் இலங்கைத் தாதியர் பேரவையில் பதியலாமா என்று பேரவையிடமே விசாரியுங்கள். பதிவில்லாத சான்றிதழ் செல்லாக்காசு.

அடுத்தது, மாணவிகளை எந்த வைத்தியசாலையின் பிரசவ விடுதிக்கு, எத்தனை வாரம் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். 1879இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை கொழும்பில்தான் இருக்கிறது. ஆனால் அனுமதியில்லாமல் உள்ளே போய்ப் பழக முடியாது.

கிடைக்கும் நாட்களில் நோவின் இடைவெளியைக் கணக்கெடுக்கவும், சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கவும், பிரசவத்தின் பின் இரத்தப்போக்கைக் கவனிக்கவும் பிள்ளை பழக வேண்டும். இரவுக் கடமையை விரும்பிக் கேட்பவளைப் பொறுப்புத் தாதி மறக்கமாட்டார். நோவில் துடிக்கும் தாயைத் தேற்ற, தமிழோடு சிங்களமும் வேண்டும்.

கடைக்கு முதல் போடப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். மகளின் மூன்று வருடத்துக்கு இரண்டு பேரிடமாவது விசாரிக்க வேண்டாமா?