இரண்டே கண்ணி, மூன்று வடிவம்: கைப்பின்னல் பற்றி ஒரு குறிப்பு

போட்டிருக்கும் டீ-சர்ட்டின் துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி' வடிவம். உள்பக்கம் சின்னச் சின்ன மேடு. திருப்பூரில் மெஷின் பின்னுவதும், கையால் இரண்டு ஊசியில் பின்னுவதும் இதே கண்ணிதான். 'வி' தெரிகிற பக்கம் நிட், மேடு தெரிகிற பக்கம் பர்ல். ஒரே கண்ணிக்கு இரண்டு முகம். கைப்பின்னலில் உள்ள டிசைன்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் வரிசை மாற்றிப் போடுவதுதான், நம்ம 0, 1 மாதிரி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் குறிப்பை வரி வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். நடுவில் ஒரு போன் வந்தால் போச்சு, எந்த வரி என்று தெரியாது. பை பரணுக்குப் போய்விடும். பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். என் அம்மா பள்ளித் தையல் வகுப்பில் கற்றதை 68 வயதில் மறுபடி எடுத்தார். கை மறக்கவில்லை. ஆனால் கண்புரை, அச்செழுத்தைப் படிக்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த மாதங்களில் அவர் பின்னியது முழுக்க விரலால் தடவி எண்ணித்தான். குறிப்பைப் படிப்பதைவிடத் துணியைப் படிப்பது முக்கியம் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். கீழே உள்ள மூன்றும் அதற்கான பயிற்சி.

1. மூலையிலிருந்து வளரும் சதுரம். 4 கண்ணி ஏற்றுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், ஊசி மேல் நூலை ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். வேண்டிய அகலம் வந்ததும் குறைக்க ஆரம்பியுங்கள்: 1 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், நூல் ஒரு சுற்று, மறுபடி 2 சேர்த்து ஒரு நிட், மீதி நிட். 4 கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடலாம். அளவுக் கணக்கே வேண்டாம். எல்லாம் நிட் என்பதால் துணியில் வரப்பு வரப்பாக நிற்கும். ஒரு வரப்பு என்றால் 2 வரிசை. கண்ணை மூடிக்கொண்டும் எண்ணலாம். பருத்தி நூலில் போட்டால் நல்ல சமையலறைத் துணி.

2. ரிப் மஃப்ளர். கண்ணி எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். எல்லா வரிசையும் 2 நிட், 2 பர்ல். எங்கே விட்டோம் என்ற குழப்பமே வராது: அடுத்த கண்ணி உங்களுக்கு 'வி' காட்டினால் நிட், மேடு காட்டினால் பர்ல். வெட்டிய பனியன் துணி ஓரத்தில் சுருளும், ஏனென்றால் அதன் ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல். ரிப்பில் இரண்டு பக்கமும் சமம், அதனால் சுருளாது, நன்றாக இழுபடும். டீ-சர்ட் கழுத்துப்பட்டி ரிப்பாக இருப்பது அந்த இழுவைக்காகத்தான்.

3. பை சால்வை. இது எலிசபெத் ஸிம்மர்மன் 1974-இல் வெளியிட்ட 'நிட்டர்ஸ் அல்மனாக்' புத்தகத்தில் உள்ளது. ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும், அவ்வளவுதான் சூத்திரம். 9 கண்ணியில் வட்டமாக ஆரம்பித்து, ஒரு சுற்று போட்டு 18 ஆக்குங்கள். பிறகு 3 சுற்று, 36. 6 சுற்று, 72. 12 சுற்று, 144. 24 சுற்று, 288. இடைப்பட்ட சுற்றுகளில் யோசிக்கவே வேண்டாம். வட்ட ஊசி பழகியவர்களுக்கு இது சுகம்.

இனி, கைவிடாமல் இருக்க மூன்று திறமை.

கண்ணி நழுவினால் பதற வேண்டாம். அது ஏணி மாதிரி கீழே இறங்கும். ஒரு குரோஷே ஊசியால் ஒவ்வொரு படியாகப் பிடித்து மேலே ஏற்றிவிடலாம்.

இரண்டாவது, உயிர்நூல். கஷ்டமான பகுதிக்கு முன்னால் ஊசியில் உள்ள எல்லாக் கண்ணி வழியாகவும் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்துவிடுங்கள். தப்பு வந்தால் அதுவரை தைரியமாகப் பிரிக்கலாம். நம்ம மொழியில் கமிட்.

மூன்றாவது, மாதிரித் துண்டு. குறிப்பில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, மார்புச் சுற்று 100 செ.மீ.க்கு 200 கண்ணி என்று வைப்போம். உங்கள் கைக்கு 22 வந்தால் அதே 200 கண்ணி 91 செ.மீ.தான் வரும். ஸ்வெட்டர் தலைக்குள் நுழையும், உடம்புக்குள் நுழையாது. துண்டைத் துவைத்துக் காயவைத்துப் பிறகு அளங்கள்.

ஆரம்பிக்க 5 மி.மீ. ஊசி, வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த நூல் போதும். கறுப்பு நூல் வேண்டாம், கண்ணி தெரியாது. மூங்கில் ஊசி எடுத்தால் உலோக ஊசி மாதிரி வழுக்காது. முதல் சதுரம் கோணலாகத்தான் வரும். பாத்திரம் துடைக்க அது போதும்.