வீட்டில் ஒரு கருவிப் பெட்டி



விடிவதற்கு முன் பிரட்டுக்குப் புறப்படும்போதே பால் வெட்டும் கத்தியின் கூரைப் பார்த்துக்கொள்பவர்கள் நாம். கத்தி மழுங்கினால் பட்டை சீராகச் சீவ வராது. கை அழுத்தி ஆழம் தப்பினால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அங்கே மறுபடி வெட்ட வருபவருக்குத் தொல்லை கொடுக்கும். செம்பனைக் குலை அறுப்பவர்களும் அப்படித்தான். நீண்ட கம்பின் முனையில் இருக்கும் அரிவாள் கூராக இல்லாவிட்டால் அன்றைய உழைப்பு இரட்டிப்பாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வேலைக்காட்டில் இத்தனை நுட்பம் காட்டும் இதே கைகள், வீட்டுக்குள் வந்ததும் ஏனோ ஓய்ந்துவிடுகின்றன. கதவு தரையில் இழுபடும், மாதக்கணக்கில் இழுபட்டுக்கொண்டேயிருக்கும். குழாய் சொட்டும், அதன் கீழ் ஒரு வாளியை வைத்துவிட்டுச் சும்மா இருப்போம். பிறகு ஒருநாள் பட்டணத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டால், கால் மணி நேர வேலைக்கு வந்துபோகும் கூலியையும் சேர்த்துக் கேட்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது அவர் பிழைப்பு. அந்தப் பணம் நம் பிள்ளையின் புத்தகத்துக்கு ஆகியிருக்குமே என்பதுதான் நம் கவலை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். திருப்புளியும் சுத்தியலும் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. இருட்டோடு எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களைக் கத்தியால் சீவிவிட்டு வருகிற பெண்ணுக்குக் கதவுக் கீலில் ஒரு திருகாணி முடுக்க வராது என்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆகவே, இந்தப் பேச்சை வீட்டில் எல்லாருமே கேட்கலாம்.

முதலில் என்னென்ன வாங்குவது? ஆணி பிடுங்கும் கொம்பு உள்ள ஒரு சுத்தியல், ஒரு குறடு, தட்டைத் தலைக்கு ஒன்றும் பிளஸ் தலைக்கு ஒன்றுமாக இரண்டு திருப்புளி, வாய் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஸ்பேனர், ஒரு கைவாள், ஓர் அரம், ஒரு தீட்டுக்கல், ஓர் அளவு நாடா. இவ்வளவு போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்றாகச் சேர்க்கலாம். சந்தையில் முப்பது நாற்பது சாமான்களைப் பளபளக்கும் பெட்டியில் அடுக்கி மலிவாக விற்பார்கள். அதில் மயங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மட்டமான இரும்பில் செய்த திருப்புளியின் முனை, இறுகிய திருகாணியில் வைத்துத் திருகியதும் முறுக்கிக்கொள்ளும். திருகாணியின் தலையையும் கெடுத்துவிடும். தலை கெட்ட திருகாணியைக் கழற்றுவது பெரிய பாடு. நல்ல திருப்புளி இரண்டு இருந்தால் அந்தப் பெட்டி முழுவதற்கும் சமம்.

கருவி வந்துவிட்டால் அதன் பிடியைக் கவனிக்க வேண்டும். வீடுகளில் நேரும் காயங்களுக்கு ஆடுகிற பிடி ஒரு முக்கியக் காரணம். சுத்தியலின் தலை லேசாக ஆடத் தொடங்கியதும், அதைத் தண்ணீரில் ஊறப் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மரம் ஊறி உப்புவதால் தலை அன்றைக்கு இறுகத்தான் செய்யும். ஆனால் உப்பும்போது துளைக்குள் நசுங்கிய மரநார், காய்ந்த பிறகு முன்னைவிடச் சிறுத்துப்போகும். தலை முன்னைவிட அதிகமாக ஆடும். சரியான முறை ஆப்பு அடிப்பதுதான். முதலில் பிடியைக் கையில் தூக்கிப் பிடித்து, தலை கீழே தொங்கும்படி வைத்துக்கொண்டு, பிடியின் அடி முனையை ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். தலையைத் தட்டக் கூடாது. தலை கனமானது, அது நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், பிடி மட்டும் அதற்குள் இறங்கி இறுகும். அதன் பிறகு மேல்பக்கம் ஒரு காய்ந்த கடின மர ஆப்பை அடித்து, மிஞ்சியதை அறுத்துவிட வேண்டும்.

பிடி முறிந்துபோனால் புதிது செதுக்கலாம். பக்கத்தில் கிடைக்கிறதே என்று ரப்பர் மரக் கிளையை வெட்டுவோர் உண்டு. பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் மாவுச் சத்து மிகுதி. அதைத் தேடி வண்டு துளைக்கும்; உள்ளே மாவாக உதிர்ந்து கிடப்பது வெளியே தெரியாது. ஓங்கும்போது முறிந்தால் தலை யார்மீது போய் விழுமென்று சொல்ல முடியாது. கொய்யா மரம் இதற்கு மிக ஏற்றது. நார் நெருக்கமானது, அதிர்ச்சியைத் தாங்கும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நார் ஓட்டம் பிடியின் நீளத்தோடு போக வேண்டும். குறுக்கே ஓடும் கட்டையை அடுப்புக்குப் போட்டுவிடுங்கள்.

தீட்டுவதைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியது குறைவு. ஆயினும் சமையற்கட்டுக் கத்தியைப் பார்த்தால், வேலைக் கத்திக்குக் கிடைக்கும் மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை என்று தெரிகிறது. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். கூரான கத்தி வெங்காயத்தில் இறங்கும். மழுங்கியது தோலில் வழுக்கி விரலுக்கு வரும். தீட்டுக்கல்லை நனைத்து, சொரசொரப்பான பக்கத்தில் தொடங்கி, கத்தியின் முதுகைச் சற்றே தூக்கி, அதே சாய்வில் அடியிலிருந்து நுனி வரை இழுத்துவர வேண்டும். மறுபக்க ஓரத்தில் விரலைக் குறுக்காக வைத்துத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் போதும் என்று பொருள். பிறகு அடுத்த பக்கம். கடைசியாக நைசான பக்கத்தில் இரண்டு புறமும் லேசாக. மின்சாரச் சாணையில் தீட்டக் கொடுத்தால், கத்தி நீலம் பாரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீலம் பாரித்த இரும்பு பதம் இழந்துவிட்டது. அதன் பின் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

மண்வெட்டிக்கும் பாராங்குக்கும் அரம் போதும். அரத்தின் பல் முன்னோக்கித் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னுக்கு இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், தேய்த்தால் பல் மழுங்கும். மரப்பிடி போடாத அரத்தை ஒருபோதும் கையில் எடுக்காதீர்கள். அதன் வால் கூர்மையானது. அரம் வழுக்கினால் உள்ளங்கையில் ஏறிவிடும்.

பழைய வீட்டுச் சட்டங்கள் வைரம் பாய்ந்தவை. ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய துளையிட்டு அடிப்பது நல்லது. துளையிட வசதியில்லையென்றால், ஆணியின் கூர் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடியுங்கள். கூர்முனை நாரை இரு பக்கமும் பிளந்துகொண்டு போகும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும், ஆகவே பிளவு குறையும். திருகாணிக்குச் சிறிது சவர்க்காரம் தடவினால் எளிதாக ஏறும். இழுபடும் கதவுக்குப் பெரும்பாலும் கதவைச் சீவத் தேவையே இராது. மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும். துளை பெரிதாகிவிட்டிருந்தால் தீக்குச்சிகளைப் பசை தடவி உள்ளே திணித்து, காய்ந்ததும் அதே திருகாணியை முடுக்குங்கள்.

இனிக் குழாய். ஓர் இரவு சொட்டும் குழாயின் கீழ் வாளியை வைத்து, காலையில் எத்தனை குவளை என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். கணக்கு அவர்களுக்கே புரிந்துவிடும். தண்ணீர்க் கட்டணம் ஒருபுறமிருக்க, சொட்டி வழியும் தண்ணீர் வீட்டோரத்துத் தகரத்திலும் சட்டியிலும் தேங்கினால் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரந்தான். பழைய மாதிரித் திருகு குழாயில் பழுது பெரும்பாலும் அடியிலுள்ள ரப்பர் வாஷரில் இருக்கும். முதலில் வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைத்து, குழாயைத் திறந்து மிச்சத்தை வடித்துவிட வேண்டும். பிறகு ஸ்பேனரால் மேல்பாகத்தைக் கழற்றினால் வாஷர் தெரியும். அதே அளவில் புதிது போடுங்கள். சைக்கிள் டியூபில் வெட்டிப் போடுவது சில நாளைக்குத்தான் தாங்கும். அந்த ரப்பர் மிக மெல்லியது. புதிய வாஷர் போட்ட பிறகு குழாயைப் பலங்கொண்டு முடுக்க வேண்டாம். அப்படி முடுக்குவதாலேயே வாஷர் சீக்கிரம் வெட்டுப்படுகிறது. கால் சுற்றில் திறந்து மூடும் புதுமாதிரிக் குழாய்களில் இந்த வாஷர் இராது. உள்ளிருக்கும் உருளைப் பாகத்தையே மாற்ற வேண்டும். கழற்றியதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கூரை விஷயத்தில் நாம் நம் எல்லையை அறிந்துகொள்வது நல்லது. பழைய லயன் வீடுகளில் துத்தநாகத் தகரமும் உண்டு, சாம்பல் நிறக் கல்நார்த் தகடும் உண்டு. கல்நார்த் தகட்டை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலில் தங்கி, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வரக்கூடும். மேலும், பழையதாகிவிட்ட தகடு ஆள் பாரத்தைத் தாங்காது. அதன்மேல் நடந்தவர் உடைத்துக்கொண்டு கீழே விழுந்துவிடுவார். தகரக் கூரையில் ஆணித் துளை ஒழுகினால் தார்ப்பசையால் அடைக்கலாம். புதிய ஆணியை நெளிவின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடிவரும் தண்ணீரெல்லாம் அந்தத் துளையைத் தேடும். ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளிச் சாய்த்து வைத்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மழை ஈரத்தில் ஏற வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. மற்றப் பழுதுகளில் விரல் நசுங்கும், இதில் உயிர் போகும். நம் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று: இரண்டு கால் பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பென்சிலையோ குச்சியையோ செருகுவது. உள்ளே இருக்கும் மூடி, குழந்தையின் விரலும் கம்பியும் போகாதபடி வைத்த காவல். மூன்றாவது காலின் நீளம்தான் அதைத் திறக்க வேண்டும். குச்சியால் திறந்து பழக்கினால், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை நாளைக்கு ஆணியால் திறந்து பார்க்கும். அதற்கென்று அடாப்டர் விற்கிறது, விலை சொற்பம்.

மூன்று கால் பிளக்கை மாற்றுவதை நாமே செய்யலாம். மூடியைக் கழற்றிக் கால்கள் மறுபுறம் இருக்கப் பிடித்தால், மேலே பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் கம்பி, வலப்புறம் ஃபியூசோடு சேரும் பழுப்பு, இடப்புறம் நீலம். பழைய சாமான்களில் இவை முறையே பச்சை, சிவப்பு, கறுப்பு. எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தாலும் அது கடைசியாகத்தான் கழலும். விளக்கு, விசிறி, டெலிவிஷனுக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ். துணி தேய்க்கும் பெட்டிக்கும் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலுக்கும் 13 ஆம்பியர். எரிந்த ஃபியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். 13 ஆம்பியர் என்பது ஏறக்குறைய 3000 வாட். 2000 வாட் கெட்டிலும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் 600 வாட் சோற்றுப் பானையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டினால் எல்லையைத் தாண்டிவிட்டோம்.

மெயின் பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் ஒன்று இருக்கும். அதில் சோதனைப் பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்து வீட்டு மின்சாரம் நிற்க வேண்டும். விழாவிட்டால், அல்லது ஒரு சாமானை மாட்டும்போதெல்லாம் விழுந்தால், அதைக் கட்டி நிறுத்த முயலாதீர்கள். சுவருக்குள் ஓடும் வயரிங்கைத் தொடுவது நம் வேலையல்ல. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் வேலை.

தோட்டத்து வீடு என்றால், கூரை, வயரிங், இற்றுப்போன தூண் ஆகியவற்றுக்கு நாம் கைக்காசு செலவழிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தைக் கூறும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வீடுகளை நல்ல நிலையில் வைத்திருப்பதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. வாயால் சொன்னால் மறந்துபோகும். ஆகவே, எந்த வீடு, என்ன பழுது, எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு ஆபீசில் கொடுங்கள்; பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம். வாங்கிக்கொண்டவர் பெயரையும் அன்றைய தேதியையும் பிரதியின் அடியில் குறித்து, கருவிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.