பணியிலிருக்கும் போதகருக்குப் பாடம் சொல்வது யார்?

1938 டிசம்பரில் அனைத்துலக மறைப்பணி மன்றத்தின் மாநாடு தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் கூடியது. ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பெரும் பலவீனங்களுள் ஒன்றாக அம்மாநாடு சுட்டியது, சபைகளை நடத்தும் உள்ளூர் ஊழியர்களுக்குக் கிடைக்கும் போதாத கல்வியை. அந்தக் கவலையின் வழியில்தான் 1958இல் 40 லட்சம் டாலரில் இறையியல் கல்வி நிதி உருவானது. பல நாடுகளின் இறையியல் கல்லூரிகள் அதனால் வலுப்பெற்றன.

அவ்வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழ்க்கட்டளைக்கும் சுற்றுப்புறங்களுக்கும் அந்த வலு வந்து சேர்ந்ததா என்பதே நம் கேள்வி. வாடகை மாடியிலும் தகரக் கூரையின் கீழும் நடக்கும் சிறு சுயாதீனச் சபைகள் இப்பகுதியில் பல. அவற்றின் போதகர்களில் பலர் வார நாள்களில் ஆட்டோ ஓட்டுகிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள், காவலாளியாக நிற்கிறார்கள். சபையாரில் கணிசமானோர் தலித் மக்கள். ஒரு குடும்பம் நெருக்கடியில் முதலில் கதவைத் தட்டுவது வழக்கறிஞர் வீட்டை அன்று, பாஸ்டர் வீட்டையே.

அவர் அறிந்திருக்க வேண்டியவை எவை? ஞானஸ்நானப் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவர் அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கோரிய வழக்கை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, அவர் குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்ததும் அவருக்கு எதிரான சான்றாயிற்று. போதகர் நிரப்பிக் கையெழுத்திடும் ஒரு வரி இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவரின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கக்கூடும் என்பதே இதன் பொருள். பெற்றோரிடம் இதை எடுத்துச்சொல்லும் கடமை போதகருக்கு உண்டு. சொல்லத் தெரிய வேண்டுமாயின் அவருக்கு முதலில் எவரேனும் கற்பித்திருக்க வேண்டும்.

போதகரே பாதிக்கப்படும்போதும் நிலை இதுதான். தன்னைச் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கினர் என்று குண்டூர் மாவட்டப் போதகர் ஒருவர் அளித்த வழக்கை 2025 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம் இரத்துசெய்தது. கிறித்தவராகிவிட்டவர் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது என்பது தீர்ப்பின் சாரம். ஞானஸ்நானத்தோடு சாதி கழுவப்பட்டுவிட்டதாகச் சட்டம் கருதுகிறது; அடித்தவர்கள் அப்படிக் கருதவில்லை.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் சிந்திக்க நிறுவனங்களே இல்லை என்று கூற முடியாது. 1981இல் பெங்களூருவில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். பின்னர் சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கெனத் தனித் துறை அமைந்து, அவரே அதற்குத் தலைமை ஏற்றார். 1969இல் உருவான மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இறையியலைத் தமிழில் கற்பித்தது. அங்கு தலித் ஆதார மையம் எழுந்தது. பரட்டை என்றழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு அங்கு ஆசிரியராக இருந்து, நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். உழைப்போர் பேசும் மொழியே வழிபாட்டு மொழியாக முடியும் என்று அவர் பாடிக்காட்டினார். எமது மதிப்பீட்டில், தமிழ் இறையியலின் மிகத் துணிவான முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும் அந்த வளம் பட்டப்படிப்பின் மதிலுக்குள்ளேயே பெரிதும் தங்கிவிட்டது. பணியிலிருப்போருக்கென்றே வகுக்கப்பட்ட ஊழியத்துக்கான முனைவர் பட்டம்கூட முன்னதாக பி.டி. பட்டத்தை எதிர்பார்க்கிறது. பள்ளி இறுதியோடு நின்று, இறையழைப்பை நம்பிச் சபை தொடங்கியவருக்கு அதில் இடமில்லை. பெரிய திருச்சபைகளின் ஆயர்களுக்கு ஆண்டுதோறும் ஓய்வு முகாமாவது உண்டு. அதையே பயிற்சி என்று கணக்குக் காட்டுவோரும் உளர் என்பது வேறு செய்தி. சுயாதீனச் சபைப் போதகருக்கு அதுவும் இல்லை. அவரது கல்விப் பசியை அறிந்து வருபவர்கள் கௌரவ டாக்டர் பட்டம் விற்பவர்களே. கட்டணம், அங்கி, மேடை, புகைப்படம், அவ்வளவுதான். வாங்கியவரை ஏளனம் செய்வதில் பொருளில்லை. காலமெல்லாம் படிப்பு மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை விரும்புவது இயல்பே.

மாற்று வழி புதிதன்று. 1960களில் குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி, ஊழியரைத் தலைநகருக்கு வரவழைப்பதை விடுத்து ஆசிரியர்களை ஊர்களுக்கு அனுப்பியது. ஊழியர்கள் தத்தம் வேலையை விடாமல் வீட்டில் பாடப் பயிற்சி நூலைப் படித்தனர். வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கூடி விவாதித்தனர். விரிவாக்க இறையியல் கல்வி எனப்படும் இம்முறையை இந்தியாவில் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட டாஃப்டீ 1970களிலிருந்து நடத்திவருகிறது. வடிவம் கையில் இருக்கிறது. அதற்குள் சாதியும் சட்டமும் பாடமாக நுழைய வேண்டும். வேதாகமத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பி, 1950 ஆணையைக் கல்லூரி நூலகத்திலேயே பூட்டிவைத்தால் பயனில்லை.

இங்கே செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலையிருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2022இல் ஒன்றிய அரசு இக்கேள்வியை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. சட்டக் கல்லூரி மாணவர் இருவர் இவற்றைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரலாம். அரசரடியிலோ குருகுலிலோ படித்த ஒருவர் அதனோடு தலித் நோக்கிலான வேதபாடம் ஒன்றை இணைக்கலாம். ஞாயிறு போதகருக்குப் பணிநாள், மற்ற நாள்களில் கூலிவேலை. ஆகவே வகுப்பு இரவு எட்டு மணிக்குமேல்தான் நடக்க முடியும், அதுவும் அவரது சபைக் கூடத்திலேயே, கட்டணமின்றி. முதல் வகுப்புக்கு அவர் தம் ஞானஸ்நானப் பதிவேட்டை உடன் கொண்டுவந்தால் போதும்.